போர்டு போகவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை, துணிக்கடைப் பையில் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, இத யாராவது வாங்கிப்பாங்களா? கடையில போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

உள்ளே கூப்பிட்டு விசாரித்தோம். அது அவருடைய அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப். அண்ணன் வேலைக்குப் போன பிறகு தங்கைக்கு வந்தது. பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது, வயரில் மாட்டினால் மட்டும் ஓடும். இப்போது எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்து நின்றுவிடுகிறது. கல்வி உதவித்தொகையைப் புதுப்பிக்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. ஸ்கேன் செய்த சான்றிதழ்களும் பாதி அடித்த கல்லூரிக் கட்டுரையும் அதற்குள்தான் இருந்தன.

டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். மதர்போர்டு மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்றார்களாம். கூடவே ஒரு அறிவுரையும் கிடைத்திருக்கிறது: "ஓசி லேப்டாப்புக்கு எதுக்கும்மா இவ்ளோ செலவு? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடு." அவருடைய அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். மகள் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று மகளிர் குழுவில் கடன் கேட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை பணம் கைக்கு வருவதாக இருந்தது.

லேப்டாப்பை வயரில் மாட்டிப் போட்டுப் பார்த்தோம். நன்றாகவே ஓடியது. திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்தபோது 2012 ஜனவரி 1 என்று இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கணினிக்குள் காலத்தைக் கணக்கு வைக்க ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் கடிகாரத்தை ஓட்ட மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு 3 வோல்ட் செல் இருக்கும். பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற வகை. பத்து வருடப் பழைய கணினியில் அது தீர்ந்துபோயிருக்கும். பெரிய பேட்டரி உயிரோடு இருந்தால் அது ஓரளவு சமாளிக்கும். இதில் இரண்டுமே செத்துவிட்டன. அதனால் வயரைப் பிடுங்கும்போதெல்லாம், கரண்ட் போகும்போதெல்லாம், தேதி பழையபடி 2012க்கு ஓடிவிடுகிறது. இணையதளங்களோ தாங்கள் உண்மையான தளம்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினி தன்னை 2012இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால்தான் கதவை மூடிவிடுகிறது.

தேதியை நாங்கள் கையால் திருத்தினோம். தளம் திறந்தது. அன்று இரவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறு ஞாயிறு அவரே பின்மூடியைக் கழற்றிச் செல்லை மாற்றினார். செல் விலை 40 ரூபாய். அம்மா குழுவுக்குச் சொல்லிக் கடனை நிறுத்திவிட்டார்.

கடைக்காரர் பொய் சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. வாங்காமல் போன அந்த 6,500 ரூபாய் கடனுக்கு வட்டி கட்ட அந்தம்மா எத்தனை நாள் சேற்றில் நின்றிருக்க வேண்டும்? நமக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு நம் வீட்டுப் பெண்கள் கொடுக்கும் விலை இது.

எங்களில் யாரும் கணினி படித்தவர்கள் இல்லை. சமூகவியல், தமிழ், வரலாறு என்று படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள். உழைப்பைப் பற்றியும் அறிவைப் பற்றியும் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறோம். ஆனால் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரில் எத்தனை அளவு உண்டு என்று தெரியாது. படித்தவர் கை அழுக்காகக் கூடாது என்ற எண்ணம் எங்களுக்குள்ளும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையால் செய்யும் வேலையைக் கீழ் என்றும், அதைச் செய்கிறவரை அதைவிடக் கீழ் என்றும் வைத்த ஊரில்தான் நாமும் பள்ளிக்கூடம் போனோம்.

அரசு லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. நம் தெருக்களில் பல வீடுகளுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அதை 'ஓசி' என்று சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அதே லேப்டாப்பில் நம் பிள்ளைகள் ஆங்கிலம் கேட்டார்கள், போட்டித் தேர்வுக்குப் படித்தார்கள், வன்கொடுமை வழக்குக்கான மனுக்களை அடித்தார்கள். கொரோனா காலத்தில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி நான்கு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து வகுப்பு கேட்டதை நாங்களே பார்த்திருக்கிறோம். பிறகு அவை ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போயின. போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சாகவே இல்லை. சின்னச் சின்ன நோய்தான்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறோம். உங்கள் ஊரிலும் செய்யலாம்.

முதலில் கருவி. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், மூடியை நெம்ப ஒரு காலாவதியான ஏ.டி.எம். கார்டு, ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு மல்டிமீட்டர். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிறகு ஒரு வெள்ளைத்தாள். அதில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்த ஸ்க்ரூ இருந்ததோ அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினால் உள்ளே போர்டையே குத்திவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திறக்கும் முன் சார்ஜரைக் கழற்ற வேண்டும், பேட்டரியை எடுக்க வேண்டும், பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிக்க வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றுங்கள். ஜன்னல் கம்பியையோ இரும்புக் குழாயையோ ஒரு முறை தொட்டுவிட்டு உட்காருங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ஒரு சிப்பைக் கொல்லப் போதும்.

அதிகம் வரும் புகார், 'ரொம்ப ஸ்லோ'. ஆன் ஆக ஐந்து நிமிடம், ஒரு ஃபைல் திறக்க இரண்டு நிமிடம். பெரும்பாலும் இதற்குக் காரணம் பழைய ஹார்டு டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, ஒரு முள் அங்கும் இங்கும் ஓடித் தேடுகிறது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால் அதே லேப்டாப் வேறொரு பிறவி எடுக்கும். எஸ்.எஸ்.டி.க்குள் சுற்றுகிற பாகமே இல்லை. புதுப்பிறவிக்கு எங்களுக்கு ஆன செலவு சுமார் 1,800 ரூபாய். விலை ஏறி இறங்கும், விசாரித்து வாங்குங்கள்.

அடுத்தது ரேம். 2 ஜி.பி. இருந்தால் 4 அல்லது 8 ஆக்கலாம். ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் செருகக் கூடாது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டி.டி.ஆர்.3 வகையிலேயே 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட் ஒன்று. இரண்டாவதற்குப் பின்னால் 'எல்' என்ற எழுத்து இருக்கும். எல் கேட்கும் லேப்டாப்பில் சாதா டி.டி.ஆர்.3 போட்டால் திரையே வராது. பழைய ரேமைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதன் மேல் ஒட்டியிருக்கும் எழுத்தைக் காட்டி வாங்குவதே நல்லது. சென்னை ரிச்சி தெருவில் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். இன்னொன்று, 32 பிட் விண்டோஸை வைத்துக்கொண்டு 8 ஜி.பி. போட்டுப் பயனில்லை. அதற்கு 4 ஜி.பி.க்கு மேல் கண் தெரியாது.

'இருபது நிமிஷத்துல தானா அணைஞ்சிடுது' என்று வருவது சூட்டால். விறகடுப்புப் புகையும் தெருப் புழுதியும் ஃபேனுக்குள் கம்பளி மாதிரி படிந்திருக்கும். விரலால் ஃபேனைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். பிராசஸர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு அரிசி அளவு புதுப் பேஸ்ட். நிறைய வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

சார்ஜர் விஷயத்தில் ஒரே விதி. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். அதைவிடக் குறைந்த வாட்டில் உள்ளதைப் போட்டால் சார்ஜர் கொதிக்கும். பின் உள்ளே நுழைகிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுச் சார்ஜரை மாட்டாதீர்கள். முனையில் எது பிளஸ், எது மைனஸ் என்ற படத்தையும் பார்க்க வேண்டும்.

திரையின் கீல் உடைந்ததை எங்களால் ஆறு மாதம் சரி செய்ய முடியவில்லை. பிளாஸ்டிக்கில் பதித்திருக்கும் பித்தளை நட்டு பெயர்ந்து வந்துவிடும், பிறகு திரையைத் திறக்கும்போதெல்லாம் மூடி பிளக்கும். ஃபெவிகுயிக் போட்டோம், மறுநாளே விட்டது. ஒருநாள் தன் பேத்தியைக் கூப்பிட வந்த பெரியப்பா ஒருவர் நின்று பார்த்தார். நாற்பது வருடம் டூவீலர் மெக்கானிக்காக இருந்தவர்.

"அதுல எண்ணெய் இருக்கு தம்பி. எண்ணெய் இருந்தா எதுவும் ஒட்டாது. மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, அப்புறம் தொடைங்க. அரால்டைட்ட ரெண்டு டியூபும் சமமா கலக்கி வச்சிட்டு, நாளைக்கு வரைக்கும் தொடவே கூடாது" என்றார்.

அப்படியே செய்தோம். கீலில் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு அதன் இறுக்கத்தைக் குறைக்கச் சொன்னார், அந்த இறுக்கம்தான் நட்டைப் பிடுங்குகிறதாம். அந்த லேப்டாப் இன்னும் பிரியவில்லை. பெரியப்பா லேப்டாப்பைத் தொட்டதே அன்றுதான் முதல் முறை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு வருகிறார். பட்டம் வாங்கிய நாங்கள் அவருக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ பிடிக்கிறோம்.

நல்லதை மட்டும் சொன்னால் இது விளம்பரமாகிவிடும். எங்கள் தப்பையும் எழுதி வைக்கிறோம்.

முதல் வருடம் முதுகலை படிக்கும் ஒரு தம்பி, லேப்டாப் ரொம்ப ஸ்லோ என்று கொண்டுவந்தார். எங்களுக்குப் புதிதாக வேலை பிடிபட்ட உற்சாகம். "எல்லாம் பென்டிரைவ்ல இருக்கா?" என்று கேட்டோம். "இருக்குண்ணா" என்றார். ஃபார்மட் செய்து புது ஓ.எஸ். ஏற்றிக் கொடுத்தோம். மறுநாள் ஃபோன் செய்தார். ஆய்வுக்காக ஊர்ப் பெரியவர்களிடம் பஞ்சமி நிலம் பற்றிப் பதிவு செய்த குரல்கள் வேறொரு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. பதினோரு பேருடைய குரல்கள். எந்த நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, யார் கைக்கு எப்படிப் போனது என்று அவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. மீட்டெடுக்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். அந்த இடத்தின் மேலேயே புது ஓ.எஸ். எழுதியிருந்ததால் துண்டு துண்டாக இரண்டுதான் கிடைத்தன. தம்பி திரும்பவும் ஊருக்குப் போனார். பதினோரு பேரில் ஒரு பாட்டி அதற்குள் இறந்துவிட்டார்.

1892இல் ஒதுக்கிய நிலத்துக்குக் காகிதம் இல்லை என்று அலுவலகம் அலுவலகமாக அலையும் சமூகம் நாம். நம்மிடம் மிச்சமிருந்த ஒரு சாட்சியை நாமே அழித்தோம். தம்பி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் கை வைக்கும் முன் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.டி. மாற்றினால் பழைய டிஸ்க்கை ஆறு மாதம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கேட்டால் போதாது, பார்க்க வேண்டும். களப்பணி செய்கிற மாணவர்களுக்கு இன்னொரு வார்த்தை: பதிவுகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

தொடக் கூடாதவையும் உண்டு. பேட்டரி உப்பினால் டச்பேட் மேலே எழும்பும், அடிமூடி பிளக்கும். அப்படிப் பார்த்தால் உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ வளைக்கவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கைக்குள் அடங்காது. பேட்டரியைப் பிரித்து உள்ளே செல் மாற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தம்பிகள் ஆசைப்படுகிறார்கள். நாங்கள் செய்வதில்லை, செய்யவும் விடுவதில்லை. போர்டில் சால்டரிங் வேலை வந்தால் நம்பிக்கையான கடைக்குத்தான் அனுப்புகிறோம். எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ரேம் வகைகளை எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு கடை ஊழியர்தான்.

செத்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளும், 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அது கடைசியில் யார் கைக்குப் போகும்? வயரை எரித்துச் செம்பு எடுக்கிற இடத்தில் புகையைச் சுவாசிக்கிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இப்போது இந்த வேலைக்கு இன்னொரு அவசரம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ரேம் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். நம் வீட்டுப் பழைய லேப்டாப்புகளில் அது கிடையாது. நன்றாக ஓடுகிற கணினியைப் பழசு என்று ஒரு அறிவிப்பு ஆக்கிவிடுகிறது. நாங்கள் இவற்றில் லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்போ லுபுண்டுவோ ஏற்றுகிறோம். இரண்டும் இலவசம், தமிழ்99 விசைப்பலகையும் வேலை செய்யும். இது புதிதும் இல்லை. தொடக்க கால அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நாம்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை, யாரும் திறந்து காட்டவும் இல்லை.

பழுது பார்க்கும் உரிமை என்று ஒன்றை உலகம் முழுவதும் பேசுகிறார்கள். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது, அந்த ஆண்டின் இறுதியில் ஒரு இணையதளமும் வந்தது. உதிரி பாகம் கிடைக்க வேண்டும், கையேடு கிடைக்க வேண்டும், திறந்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டக் கூடாது என்பதெல்லாம் நியாயமான கோரிக்கைகள். நாமும் கேட்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. 'தொடாதே' என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. கிணற்றைத் தொடாதே, டம்ளரைத் தொடாதே. பள்ளிக்கூடத்தில் கணினி அறைக்குள் போனாலும் 'தொடாதே, கெட்டுடும்' என்றுதான் முதலில் கேட்டோம். அதனால் ஸ்க்ரூவைத் திருப்பும் முன் நம் பிள்ளைகள் கை ஒரு நொடி நிற்கும். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக நிற்கும். அந்த ஒரு நொடியை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறோம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. நம் தெருவுக்கும் புதியவை வரும். நல்லது. அவையும் ஒருநாள் பழுதாகும். அதற்குள் ஒவ்வொரு படிப்பகத்திலும் திறந்து பார்க்கத் தெரிந்த இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

போர்டு போய்விட்டது என்று வந்த அந்தத் தங்கை, உதவித்தொகை வந்ததும் அதில் ஒரு பங்கை எடுத்துத் தன் லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. வாங்கினார். தானே மாட்டினார். போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா லேப்டாப்பைக் கொண்டுவந்து, "கடையில போர்டு போயிடுச்சுன்னு சொன்னாங்கம்மா" என்றார். தங்கை சிரிக்கவில்லை. வெள்ளைத்தாளை விரித்து, அடிப்பக்கத்தை வரைந்துகொண்டே, "மொதல்ல ஆன் பண்ணுங்க அக்கா, தேதி என்னான்னு பாப்போம்" என்றார்.

அதில் தேதி சரியாகத்தான் இருந்தது. போர்டு நிஜமாகவே போயிருந்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பினோம்.